பன்னிரண்டு நிழலும் இரண்டு குடமும்

"கொத்தமல்லி வாங்குடி, எட்டாவது அத்தியாயம் வந்துகீது."

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லைனில், ஒருத்தி இன்னொருத்திக்குக் கதை சிபாரிசு செய்தது இப்படித்தான். அறுபத்து நாலாம் வருஷத்துக் கோடையைச் சொல்கிறேன். புத்தகத்தைப் புத்தகமாக வாங்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் துளசிராமன் முதலியாரின் மளிகைக் கடைக்கு வேலூரிலிருந்து பழைய வாரப் பத்திரிகைகள் மூட்டை மூட்டையாக வரும். முதலியார் சம்சாரம் சுந்தரி அவற்றைத் தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் கட்ட அடுக்கி வைப்பாள். மாயாஜாலத் தொடர் இல்லாத பத்திரிகை அந்த நாளில் ஏது? கடுகு வாங்கினால் பூதம் கிளம்பும். பெருங்காயம் வாங்கினால் ராட்சசன் தன் உயிரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

முதலியார் ஒரு வரி படித்தவர் இல்லை. ஆனாலும் வாடிக்கைக்காரர்களின் வாயைக் கேட்டுக் கேட்டு எல்லாக் கதையும் அவருக்கு அத்துப்படி. "உளுந்து எடுத்துகினு போம்மா, இன்னிக்கு உளுந்துல ராஜகுமாரன் பாதாளத்துல வுழுறான்" என்பார். வீட்டில் உளுந்து இருந்தாலும் வாங்கிக்கொண்டு வருவோம். அந்தக் கோடையில் எங்கள் லைனில் இட்லி கொஞ்சம் அதிகமாகவே வெந்தது.

பிரித்த பொட்டலத்தைத் தூக்கி எறிந்தவளோடு மூன்று நாள் யாரும் பேசமாட்டார்கள். படித்த கையோடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெல்லம் வந்த தாளில் பாதிக் கதையை எறும்பு முடித்திருக்கும். மிளகாய்த்தூள் வந்த அத்தியாயத்தைப் படித்து அழுதவர்கள் எல்லாரும் கதைக்காகத்தான் அழுதார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

எது உசந்த கதை என்பதில் சண்டை வராத நாள் இல்லை. கடைசி வீட்டு வள்ளிக்கு 'பேய்மரத்துப் பல்லக்கு'தான் உயிர். அதைப் படித்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் கொல்லைப் பக்கம் தனியாகப் போகமாட்டாள். ஆனாலும் எல்லாரையும் படிக்கச் சொல்லி நச்சரிப்பாள். பார்வதம்மாவுக்கு 'ஆறு விரல் அரக்கன்'. பார்வதம்மா சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது, ஏனென்றால் இருபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்த ஒரே குழாயடியில் வரிசையை நடத்தினவள் அவள்தான். யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்பதெல்லாம் அவள் கால் கட்டைவிரலால் தள்ளி முடிவு செய்வது.

அந்தப் பார்வதம்மாவே தன் அரக்கனை மறந்துபோன கதை ஒன்று வந்தது. 'பன்னிரண்டு நிழல் மந்திரவாதி.' அதைக் குழாயடியில் உட்கார்ந்து எங்களுக்குப் படித்துச் சொன்னவள் அம்சவேணி.

அம்சவேணி குடியாத்தத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் முனிரத்தினம் சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் கல் டிரக் தள்ளுகிறவன். பேச்சுக்குக் காசு கேட்பது போல ஒரு வார்த்தை, அரை வார்த்தை பேசுவான். அவளுக்குச் சின்ன வயசில் வந்த ஜுரத்தில் இடது கை சூம்பிப்போயிருந்தது. பூத் தொடுப்பாள், மாவு பிசைவாள், நிறைகுடத்தை மட்டும் தூக்க முடியாது. எங்கள் குழாயிலோ மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரைதான் தண்ணீர். வந்த புதிதில் அரைக்குடம் அரைக்குடமாக எட்டு நடை நடப்பாள். ஐந்தாவது நடையில் குழாய் நின்றுவிடும். ஒருநாள் பொறுக்காமல் முனிரத்தினமே குடத்தோடு வந்தான். ஆம்பிளை குழாயடிக்கு வரலாமா? நாங்கள் சிரித்த சிரிப்பில் அவன் காது சிவந்து, குடத்தை வைத்துவிட்டுப் போனவன்தான், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

பிறகு, முந்தின வருஷத்து ஆடியில் ஒரு மத்தியானம், வரிசையில் நிற்கிற நேரத்துக்கு அவள் ஒரு பொட்டலத் தாளை வாய்விட்டுப் படித்தாள். எங்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் இவள் படித்தபோது மந்திரவாதி எங்கள் குழாய்க் கல்லின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டான். அவள் முறை வந்தது, எழுந்தாள்.

"ஏய், இன்னா எழுந்துட்டே? நீ படி. உன் குடத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் பார்வதம்மா.

அன்றைக்கு அம்சவேணியின் குடங்களுக்குக் கால் முளைத்தது. இரண்டு குடமும் தானாக முன்னால் போகும், நிறையும், யாராவது ஒருத்தியின் இடுப்பில் ஏறி அவள் வீட்டு வாசலில் இறங்கும். அவள் கல்லில் உட்கார்ந்து படிப்பாள். அவள் இதில் கறார். ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டு படிக்க முடியவில்லை. வள்ளி குடத்தில் கை வைத்தாள். "கதை இல்லாத நாள்ல வேணாம்க்கா" என்று பிடுங்கிக்கொண்டு அரைக்குடத்தோடு நடந்தாள். எனக்கு அப்போது அது திமிராகப் பட்டது. அப்புறம் புரிந்தது: கைக்காக இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்காது. கதைக்குக் கூலியாக வருவதுதான் இறங்கும். அந்தக் கூலி போனால் மறுபடியும் எட்டு நடை, எங்களுடைய சிரிப்பு.

கதை அப்படி. மந்திரவாதிக்குப் பன்னிரண்டு நிழல். காலையில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேலைக்கு அனுப்புவான். ஒன்று ராஜாவின் கிரீடத்தைத் திருடும், ஒன்று பசுவின் மடியை வற்ற வைக்கும். உச்சி வேளைக்குள் எல்லாம் அவன் காலடிக்குத் திரும்பியாக வேண்டும். அவன் சிறைப் பிடித்து வைத்திருக்கிறவள் உப்புத்தீவு இளவரசி. அவள் அழக்கூடாது. அழுதால் கண்ணீர் பட்டுத் தீவு கரைந்து, அதில் இருக்கும் சனங்கள் எல்லாரும் கடலில் போய்விடுவார்கள். அப்பா செத்த சேதி வருகிறது, அழவில்லை. கட்டிக்கொள்ள இருந்தவனைப் பாறையாக்குகிறான், அழவில்லை. எங்கள் குழாயடியில் அவளுக்குப் பதிலாக நாங்கள் இருபத்திரண்டு வீடும் அழுதோம்.

அம்சவேணியின் வீடு என் வீட்டுக்கு நேர் எதிர். வீட்டைக் கட்டினவன் என் ஜன்னலை அவள் வாசலைப் பார்க்க வைத்துவிட்டான், அதற்கு நான் என்ன செய்ய? பொட்டலத் தாள்களைச் செம்பில் கொதி தண்ணீர் ஊற்றித் தேய்த்து மடிப்பு எடுப்பாள். பிறகு தரையில் பரப்பி, இதற்கு அப்புறம் இது, அதற்கு அப்புறம் அது என்று வரிசைப்படுத்துவாள். ஓரம் கிழிந்த தாளில் பக்க எண் ஏது, தலைப்பு ஏது? எல்லாம் கதையை வைத்துக் கண்டுபிடிப்பதுதான். சில சமயம் வெறுங்கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள், உதடு மட்டும் அசையும். எனக்கு ஏதோ உறுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷத்தில் நான் வெளியே விடாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான்.

மே மாதம் கதை மண்ணுக்குள் இறங்கியது. இளவரசி மந்திரவாதியை ஏமாற்றி ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகிறாள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் மாதிரி ஒரு கூண்டில் இறங்குகிறார்கள். லெவல் லெவலாகப் போகப் போகச் சூடு. கடைசி லெவலில் இளவரசி கையில் ஒரே ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் பன்னிரண்டு நிழலும் சுவர் முழுக்க நிற்கின்றன. "இளவரசி விளக்கருகே வாயைக் கொண்டுபோனாள்" என்று படித்து நிறுத்தினாள் அம்சவேணி. குழாயில் தண்ணீர் வழிந்து ஓடியதை ஒருத்தியும் கவனிக்கவில்லை.

இதைப் பார்வதம்மா வீட்டில் போய்ச் சொல்ல, அவள் புருஷன் காத்தவராயன் ஷிப்டுக்குக் கொண்டுபோய்விட்டார். டிரில் அடிக்கிற மனுஷர், இருட்டைப் பற்றி அவருக்குத் தெரியாததா? கேஜில் இறங்கும்போது ஒரு கட்சி, ஏறும்போது ஒரு கட்சி. விளக்கு அணைந்தால் நிழல் செத்துப்போகும், மந்திரவாதி ஒழிந்தான் என்றார் காத்தவராயன். கூட வேலை செய்த கோவிந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டு மொத்தமும் நிழல்தானேப்பா? அவனுக்கு அங்கதான் பலம் ஜாஸ்தி. ஊதினா அந்தப் பொண்ணு கெட்டா."

இந்தச் சண்டை டைம் ஆபீஸ் ஜன்னல் முன்னால், ஆளுக்கொரு நம்பர் போட்ட டோக்கன் கொடுக்கிற வரிசையில் நடந்தது. ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் எட்மண்ட் தலையை நீட்டினார்.

"நானூத்திப் பன்னெண்டு, நில்லு. எந்த மந்திரவாதி?"

"பன்னெண்டு நிழல் மந்திரவாதி சார்" என்றார் நானூற்றுப் பன்னிரண்டாகிய காத்தவராயன்.

"அந்தக் கதையில சுரங்கம் ஏதுய்யா? இளவரசி ஏது?"

எட்மண்ட் ரயிலில் கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் கோரமண்டலில் அக்கா ஜூடித்தோடு இருக்கிறவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ள நேரம் இல்லை என்று சொல்ல வேண்டும். தம்பி பச்சை அட்டைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினவர். மந்திரவாதித் தொடர் முழுவதையும் வரிசையாக எடுத்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். ஸ்கூல் டீச்சரான அக்கா சிவப்பு அட்டைக்காரி. உப்புத்தீவு இளவரசி வந்தது அந்தப் பத்திரிகையில். ஒரே வீட்டில் ஆறு வருஷமாக அவர் கதையை இவர் தொட்டதில்லை, இவர் கதையை அவர் தொட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தால், "உன் நிழல்காரன்", "உன் உப்புமூட்டை" என்றுதான் பேசிக்கொள்வார்களாம்.

அந்தச் சனிக்கிழமை ரயிலிலேயே அக்காவும் தம்பியும் மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கிக் குழாயடிக்கு வந்துவிட்டார்கள். கையில் ஆளுக்கொரு பைண்டு புத்தகம். எனக்குத் தீபாவளி மாதிரி இருந்தது.

"இங்கே யாரம்மா கதை படிக்கிறது?" என்றார் எட்மண்ட்.

சாயம் ஐந்து நிமிஷத்தில் வெளுத்துவிட்டது. இரண்டு பத்திரிகைக்கும் ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி பத்தி. அட்டை கிழிந்து, தலைப்பு கிழிந்து, முதலியார் கடையில் எல்லாம் ஒரே அடுக்காகிவிட்டது. இரண்டு கதையை ஒரே கதை என்று பத்து மாதமாக நாங்கள் கேட்டு அழுதிருக்கிறோம்.

"அம்மா மேல ஆணையா, ரெண்டும் ஒண்ணுன்னுதான் நெனச்சேன்" என்றாள் அம்சவேணி.

"சரி. அந்தச் சுரங்கம்?" என்றார் எட்மண்ட். "அது என் புஸ்தகத்துலயும் இல்லை, அக்கா புஸ்தகத்துலயும் இல்லை."

அம்சவேணி கையில் இருந்த தாளை மடித்தாள், பிரித்தாள்.

"அது... அந்த வாரமெல்லாம் பொட்டலம் கெடைக்கலைங்க. இவங்கல்லாம் என் குடத்த எடுத்துகினு நின்னாங்க. கதை இல்லேன்னா எப்டிச் சொல்றது?"

"அப்போ எங்க தலையில மொளகா அரைச்சிகீறே!" என்றாள் பார்வதம்மா. "புருஷன் வரைக்கும் போய்ச் சொன்னேனேடி. அவரு கேஜுல சண்ட போட்டுகினு வந்தாரேடி!"

கட்டைவிரலால் இரண்டு குடத்தையும் தள்ளினாள். அவை கல்லில் உரசிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போயின. குடத்தின் பின்னாலேயே அம்சவேணியும் போனாள்.

அதற்கு அடுத்த நாட்களில் எட்மண்டுக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே குழாயடிக்கு வந்து உண்மைக் கதையைப் படித்துக் காட்டினார். திருத்தாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. உள்ளதைச் சொல்ல வேண்டும், கதை நன்றாகத்தான் இருந்தது. முக்கியமாக அந்த ஆறாவது நிழல். புலியின் நிழலைப் பிடித்து வரப்போன அது வழியில் ஒரு புளியமரத்து நிழலைப் பார்த்து மயங்கி, அதனோடேயே படுத்துக்கொள்கிறது. உச்சி வேளையில் ஒரு நிழல் குறைந்து நிற்கிற மந்திரவாதிக்குக் கொளுத்தும் வெயிலில் குளிர் எடுக்கிறது.

"சார், அந்த எடம் இன்னொரு தபா படிங்க சார்" என்று கடைசியிலிருந்து ஒரு குரல்.

அம்சவேணி. வரிசை நகர்ந்து அவளுக்கு முன்னால் ஐந்து முழம் காலியாகக் கிடந்தது. குடத்தைத் தள்ள மறந்து, வாயைத் திறந்தபடி நின்றாள். பத்து மாதமாக அவள் தேடின தாள் அல்லவா அது! அவமானப்பட்டவள் முகம் மாதிரியே இல்லை. எட்மண்ட் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு மறுபடியும் படித்தார், முன்னைவிட நிதானமாக. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது ஒன்றரைக் குடம். அதிலும் அரைக்குடம் வழியில் சிந்தியது. முனிரத்தினம் குளிக்காமல் ஷிப்டுக்குப் போனான்.

நாலாவது நாள் வள்ளி குறுக்கே விழுந்தாள். "சார், கதை சூப்பர்தான். ஆனா எங்க பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"உப்புத்தீவுக்காரி சார். அவள அங்க நிறுத்திட்டு வந்துட்டோமே, சும்னே அப்டியே நிக்கிறாளே?"

ஜூடித் டீச்சர் இதற்காகவே காத்திருந்தவர் போலத் தன் புத்தகத்தைத் திறந்தார். இளவரசியின் கதையைக் கடைசி வரை படித்தார். கடைசியில் ஒரு முனிவர் வந்து வரம் கொடுக்கிறார். உப்புத்தீவு முழுக்கச் சலவைக்கல்லாகிவிடுகிறது. கல்யாணம். சுபம்.

இன்னும் பக்கம் இருக்கிறதா என்று வள்ளி எட்டிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள் பார்வதம்மா.

"அவ்வளவுதான்."

"இத்தினி நாளா அழுகைய அடக்கிகினு இருந்தவளுக்குச் சலவைக்கல்லா குடுத்தாங்க?"

டீச்சர் புத்தகத்தை மூடினார். "எனக்கும் அந்த இடம் பிடிக்கலைம்மா. வெளியில சொன்னா இவன் சிரிப்பான்னு ஆறு வருஷமா சொல்லலை" என்றார்.

சாயங்காலம் காத்தவராயன் ஷிப்ட் முடிந்து வந்தவுடன் சம்சாரத்தைப் பிடித்துக்கொண்டார். "கேஜுல இருபது பேரும் என்னக் கேக்கிறானுங்க. அந்தப் பொண்ணு விளக்க ஊதினாளா, இல்லியா?"

"அது பொய்க் கதைன்னு சொன்னேனே!"

"பொய்யோ மெய்யோ, விளக்கு கையில கீதுல்ல? அத்த இன்னா பண்ணா?"

பார்வதம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்சவேணி வீட்டுக்குப் போனாள். காத்தவராயன் பின்னாலேயே போய் வாசலில் நின்றார். நான் பாலுக்கு உறைமோர் கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு உள்ளேயே போய்விட்டேன். முனிரத்தினம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைலேர்ந்து உன் கொடத்த வள்ளி தூக்குவா" என்றாள் பார்வதம்மா, சுவரைப் பார்த்து. "பாவம், கை முடியாதவ. நானும் கோவத்துல தள்ளிட்டேன்."

அம்சவேணி சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கைக்குன்னா வேணாம்க்கா."

"இன்னாடி இது?"

"கைக்கு இரக்கப்பட்டு எடுக்கிறதா இருந்தா வேணாம். எட்டு நடை நடந்துக்கறேன். கதைக்குன்னா வரேன்."

"சரிடி, கதைக்குத்தான். சொல்லு. விளக்க ஊதினாளா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. கையில காயிதம் வெச்சுகினு சொல்லமாட்டேன். பொட்டலத்துல இருந்துச்சுன்னு சொல்லமாட்டேன். இனிமே நானா சொல்றதுதான். சம்மதமா?"

பார்வதம்மா யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அச்சுல இல்லாத கதைய எப்டிடி நம்புறது?"

"ஏன், அச்சுல கீற மந்திரவாதிய நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?" என்று வாசலிலிருந்து கேட்டார் காத்தவராயன்.

அம்சவேணி அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எனக்கே இன்னும் தெரியல. நீங்கதான் சொல்லணும். கீழ விளக்கு அணைஞ்சுட்டா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? பாறை வெடிச்சு ஏர் பிளாஸ்ட் வந்துச்சுன்னா காத்துலயே எல்லா விளக்கும் போயிடும். நம்ம கை நமக்குத் தெரியாது. அசையமாட்டோம். பேரு சொல்லிக் கூப்புடுவோம். நான் 'கோவிந்தா'ம்பேன், அவன் 'காத்தா'ம்பான். பேரு வர்ற பக்கம் ஆளு கீறான்னு அர்த்தம். பேரு வரலேன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"போன வருஷம் என் பேரச் சொல்லித்தான் என்ன எடுத்தாங்க" என்றான் முனிரத்தினம், தட்டைப் பார்த்தபடி. கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் அதை வீட்டில் சொன்னதில்லை போலிருக்கிறது. அம்சவேணி அவனையே பார்த்தாள். உறை வாங்காமலே நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கும் சில சமயம் இங்கிதம் வரும்.

மறுநாள் மூன்று மணிக்கு அக்காவும் தம்பியும் புத்தகம் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்சவேணியின் குடங்கள் இன்னும் கடைசியில்தான். பார்வதம்மா குழாய்க்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "கதை நடக்கட்டும். நடந்தா குடமும் நடக்கும். இல்லேன்னா அங்கயே நிக்கட்டும்" என்றாள்.

அம்சவேணி கல்லில் உட்கார்ந்தாள். தாள் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்தாள், கல்லில் வைத்தாள். குரல் முதலில் எழும்பவே இல்லை. பத்து மாதமாகக் கேட்ட குரலா இது என்று எனக்கே பயம் வந்தது.

"இளவரசி விளக்க ஊதிட்டா" என்றாள்.

ஒருத்தி அம்சவேணியின் குடத்தை ஒரு முழம் முன்னால் தள்ளினாள்.

இருட்டில் மந்திரவாதி சிரிக்கிறான். முட்டாளே, இருட்டு முழுக்க என் நிழல்தானே, இங்கே நான்தான் ராஜா என்கிறான். கோவிந்தன் கட்சி ஜெயித்தது என்று நினைத்தேன். குடம் நின்றது. அம்சவேணிக்கு இப்போது குரல் வந்துவிட்டது. மந்திரவாதி தன் நிழல்களைக் கூப்பிடுகிறான். எப்படிக் கூப்பிடுவது? அவன் அவற்றுக்குப் பெயரே வைத்ததில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி வேலை வாங்கினவன். வெளிச்சத்தில் எண்ணலாம், காலடியில் வரிசையாகக் கிடக்கும். இருட்டில் "நாலே!" என்று கத்துகிறான். எது நாலு? அவற்றுக்கே தெரியாது. ஆனால் இளவரசி கூப்பிடுகிறாள். பத்து மாதம் சிறையில் இருந்தவள், தன்னைக் காவல் காத்த ஒவ்வொரு நிழலுக்கும் பொழுது போகாமல் ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பெயர் கேட்ட நிழல் அவள் பக்கம் வருகிறது. பன்னிரண்டும் வந்துவிட்டன. மந்திரவாதி தனியாக, நிழல் இல்லாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு, யாராவது தன் பெயரைச் சொல்லமாட்டார்களா என்று கேட்கிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. மந்திரவாதி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அங்கே, பூமிக்கு அடியில், தீவிலிருந்து எத்தனையோ காதம் தள்ளி, இளவரசி உட்கார்ந்து அழுகிறாள். அப்பாவுக்கு, பாறையானவனுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. அங்கே கரைய உப்பு இல்லை.

வள்ளி மூக்கைச் சிந்தின சத்தம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். பார்வதம்மா என்ன செய்தாள் என்று பார்க்க முடியவில்லை, எனக்கே கண் மறைத்துவிட்டது. அன்றைக்கு யாரும் மிளகாய்த்தூள் வாங்கியிருக்கவில்லை.

"என் புஸ்தகத்துலயும் நிழலுக்கெல்லாம் நம்பர்தான்" என்றார் எட்மண்ட் மெதுவாக. "நூறு தடவை படிச்சிருக்கேன். எனக்குத் தோணலையே."

"உங்களுக்கு எப்டி சார் தோணும்? டைம் ஆபீஸ்ல நீங்களும் நம்பர வெச்சுதானே கூப்புடுறீங்க?" என்றாள் வள்ளி. எல்லாரும் சிரித்தோம், ஜூடித் டீச்சர் எல்லாரையும்விடப் பலமாக. எட்மண்ட் கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டார்.

அதற்குள் யார் தள்ளினார்கள், எப்போது தள்ளினார்கள் என்று தெரியவில்லை, அம்சவேணியின் குடங்கள் இரண்டும் குழாயடிக்கு வந்து நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. பார்வதம்மா குழாயைக் கையால் அடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இன்னிக்கு யார் தூக்குறது? கதை கேட்டவங்க எல்லாம் தூக்கணும்னுதான் சட்டம்."

அவள் பார்வை எட்மண்ட் மேல் நின்றது. ஆம்பிளை என்று யாரோ முணுமுணுத்தார்கள். "கேட்டாரா இல்லியா?" என்றாள் பார்வதம்மா. டீச்சர் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவர் குடத்தைத் தோளில் ஏற்றினார். குடம் இடுப்புக்கானது என்பது அவருக்கு யார் சொல்வது? காற்சட்டை முழுக்க நனைந்து, பூட்ஸுக்குள் தண்ணீர் சளசளக்க, எங்கள் சிரிப்புக்கு நடுவே லைன் நெடுக நடந்து அம்சவேணி வீட்டு வாசலில் இறக்கினார். கால்குடம் குறைந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நேரே அவளிடம் வந்தார்.

"அம்மா, ஒரே ஒரு விஷயம். அந்த ஆறாவது நிழல், புளியமரத்தடிக்குப் போனது, அதுக்கு அவ என்ன பேர் வெச்சா?"

அம்சவேணி கல்லில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொரு குடம் கீது சார்" என்றாள்.